பாஸிவ் வாய்ஸ் மக்கர் பண்ணினால் எங்கே கை வைப்பது

ஏப்ரல் 15 ஆனால் எங்கள் கடற்கரையில் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சின் வேலை, பலகை வேலை, பெயின்ட் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். எஞ்சின் பார்க்க வருகிற மெக்கானிக்கைக் கவனித்திருக்கிறேன். வந்ததும் ஸ்பானரைக் கையில் எடுக்க மாட்டார். டேங்கில் டீசல் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்ப், நாசில். ஹெட்டைக் கழற்றுவது கடைசி.

மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிற எனக்கு, இங்கிலீஷ் பாஸிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை; அதற்கு எதிர் ஆக்டிவ், அதாவது செய்வினை) பழுது பார்க்க அந்த வரிசைதான் கைகொடுத்தது. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும் வாக்கியங்களில் வருடாவருடம் அதே இடத்தில்தான் ஒழுக்கு. கீழே அறிகுறி வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். உங்கள் வாக்கியம் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படியுங்கள்.

தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பாஸிவில் உதிரிபாகம் இரண்டு: பி வெர்ப் (இஸ், வாஸ் மாதிரி), வி3 (வினையின் மூன்றாவது உருவம்; ரைட், ரோட், ரிட்டன் என்பதில் ரிட்டன்). காலம் மாறும்போது மாறுவது பி வெர்ப் மட்டும். வி3 நங்கூரம் போட்ட மாதிரி அசையாமல் கிடக்கும்.

## அறிகுறி: வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது

"தி நெட் ரிப்பேர்டு பை தி ஃபிஷர்மேன்."

வலையே உட்கார்ந்து எதையோ பழுதுபார்த்த மாதிரி இருக்கிறது. நடுவில் 'வாஸ்' இல்லை.

முதல் காரணம் வெறும் அவசரம். அதை விடுங்கள். இரண்டாவது காரணம் தமிழிலிருந்து வருகிறது. 'பழுதுபார்க்கப்பட்டது' என்பது நமக்கு ஒரே சொல். 'பட்டது' வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் 'ரிப்பேர்டு' என்பதன் கடைசி 'டு'வைத்தான் பிள்ளைகள் 'பட்டது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷில் அந்தப் 'படு' தனிச் சொல்லாக வினைக்கு முன்னால் நிற்கிறது.

சோதனை: வினைச்சொல்லின் மேல் விரலை வையுங்கள். விரலுக்கு இடது பக்கம் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன் என்ற எட்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். முதலில் அதைப் போடுங்கள்.

### பி வெர்ப் இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை

"தி பிரான்ஸ் வாஸ் சென்ட் டு தூத்துக்குடி." இறால்கள் பல, 'வேர்' வர வேண்டும். ஏன் 'வாஸ்' போட்டாய் என்று கேட்டால், "அனுப்பினது ஏஜென்ட் ஒருத்தர்தானே சார்" என்று பதில் வரும். ஆக்டிவில் அவர்தான் எழுவாய், உண்மை. பாஸிவில் இறால் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. இனிமேல் ஒருமை, பன்மையை இறாலிடம்தான் கேட்க வேண்டும். ஏஜென்ட் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டார், அவர் பேச்சு எடுபடாது.

## அறிகுறி: வி3 இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது

இது மூன்று கிளையாகப் பிரியும்.

வி2, அதாவது வினையின் இரண்டாவது உருவம், வந்து உட்கார்ந்திருப்பது முதல் கிளை: "தி லெட்டர் வாஸ் ரோட்." 'ரிட்டன்' வர வேண்டும். இதற்கு ஒரு காதுச் சோதனை உண்டு. வினைக்கு முன்னால் 'ஐ ஹேவ்' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "ஐ ஹேவ் ரோட்" என்று சொன்னால் கொஞ்சம் இங்கிலீஷ் கேட்டுப் பழகிய காதுக்கே உறுத்தும். "ஐ ஹேவ் ரிட்டன்" வழுக்கிக்கொண்டு போகும். எது வழுக்குகிறதோ அதுதான் வி3.

இல்லாத வினையை உண்டாக்குவது இரண்டாவது: "தி ஃபிஷ் வாஸ் கேட்ச்டு." எல்லா வினைக்கும் கடைசியில் 'டு' ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கை. இதற்கு மருந்து மனப்பாடம் ஒன்றுதான், ஆனால் நூறு வினை வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எதை எழுதினாலும் கடல், சந்தை, வீடு என்றுதான் எழுதுவார்கள். அதற்கு வேண்டியவை கொஞ்சம்தான். கேட்ச், காட், காட். செல், சோல்டு, சோல்டு. பை, பாட், பாட். பிரிங், பிராட், பிராட். பில்ட் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான். டேர், டோர், டோர்ன் என்பது வலை கிழிவதற்கு. பிரேக், ப்ரோக், ப்ரோக்கன். த்ரோ, த்ரூ, த்ரோன். ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன். கட், புட், ஹிட், ஷட் நான்கும் மாறவே மாறாது, நல்ல பிள்ளைகள். 'ஹேங்' மட்டும் வேடிக்கை: கொடியில் தொங்கவிட்ட கருவாட்டுக்கு 'ஹங்', தூக்கில் போட்ட மனிதனுக்கு 'ஹேங்டு'.

மூன்றாவது கிளை 'இங்'. "டிரை ஃபிஷ் இஸ் செல்லிங் பை மை மதர்." பாஸிவில் 'இங்' ஒட்டுகிற ஒரே சொல் 'பீயிங்'தான். 'பை' போட்ட வாக்கியத்தில் 'பீயிங்' தவிர வேறு வினையில் 'இங்' தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

## அறிகுறி: உறுப்பெல்லாம் இருக்கிறது, காலம் மட்டும் தப்பு

பாதிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் சோதனை எளிது. ஆக்டிவ் வாக்கியத்தில் இருக்கும் வினையை அடித்துவிட்டு, அது எந்த உருவத்தில் இருந்ததோ அதே உருவத்தில் பி வெர்பை எழுதுங்கள். பிறகு கடைசியில் வி3 வையுங்கள். 'ரிப்பேர்ஸ்' நிகழ்காலம், அதனால் 'இஸ்'. 'ரிப்பேர்டு' இறந்தகாலம், அதனால் 'வாஸ்'. 'இஸ் ரிப்பேரிங்' என்பதில் 'இங்' இருக்கிறது. பி வெர்போடு 'இங்' சேர்ந்தால் 'பீயிங்', ஆக 'இஸ் பீயிங்'. 'ஹேஸ் ரிப்பேர்டு' என்பதில் 'ஹேஸ்'ஸுக்குப் பின்னால் வி3 இருக்கிறது. பி வெர்பின் வி3 'பீன்', ஆக 'ஹேஸ் பீன்'. 'வில் ரிப்பேர்' என்றால் 'வில் பி'. 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' எது வந்தாலும் பின்னால் வெறும் 'பி'. ஒவ்வொன்றின் பின்னாலும் 'ரிப்பேர்டு'. அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ததைவிட இப்படி மாற்றிப் பழகிய பிள்ளைகள்தான் தேர்வில் தடுமாறாமல் எழுதினார்கள்.

ஆக்டிவ் வாக்கியம் கையில் இருக்கும்போது இது போதும். தமிழில் நினைத்து நேரே பாஸிவில் எழுதும்போதுதான் சிக்கல். அதற்கான கிளைகள் கீழே.

### '-ப்படும்' என்று முடிகிற தமிழ்

"காலையில் மீன் ஏலம் விடப்படும்." இது தினமும் நடப்பதா, நாளைக்கு நடக்கப்போவதா? தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைதான். பிள்ளைகள் 'உம்' என்று பார்த்ததும் 'வில் பி' போட்டுவிடுகிறார்கள். வாக்கியத்தில் 'தினமும்' என்ற சொல்லைச் செருகுங்கள். பொருந்தினால் "ஃபிஷ் இஸ் ஆக்ஷன்டு." 'நாளைக்கு' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் "ஃபிஷ் வில் பி ஆக்ஷன்டு." பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதச் சொன்னாலும் இதே கதை. கப்பல் வரும்போதெல்லாம் தூக்குப்பாலம் உயர்த்தப்படும், அது வழக்கம், அதனால் "தி ஸ்பான் இஸ் ரெய்ஸ்டு ஃபார் ஷிப்ஸ்."

### '-ப்பட்டு வருகிறது', '-ப்பட்டுக்கொண்டிருக்கிறது'

வேலை நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். 'பீயிங்' கட்டாயம். "எ போட் இஸ் பீயிங் பில்ட்." 'பீயிங்'கை விட்டு "இஸ் பில்ட்" என்று எழுதினால் கட்டி முடிந்துவிட்டது. மழை வந்தபோது கருவாடு காயவைக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்றால் "தி ஃபிஷ் வாஸ் பீயிங் டிரைடு வென் தி ரெயின் கேம்." சத்தம் ஒரே மாதிரி இருப்பதால் 'பீயிங்', 'பீன்' இரண்டையும் மாற்றிப் போடுவதும் நடக்கும். 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' பின்னால் 'பீன்' மட்டும். இஸ், ஆர், வாஸ், வேர் பின்னால் 'பீயிங்' மட்டும்.

### '-ப்பட்டது', '-ப்பட்டிருக்கிறது', '-ப்பட்டுள்ளது'

தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'வாஸ்'. "தி ஓல்டு பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்டு இன் 1914." "தி நியூ பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்டு ஆன் 6 ஏப்ரல் 2025." புதுப் பாலம் சமீபத்தில் திறந்ததுதானே, அதனால் 'ஹேஸ் பீன் ஓப்பன்டு ஆன் 6 ஏப்ரல்' என்று ஒரு பையன் எழுதினான். எவ்வளவு சமீபமாக இருந்தாலும் தேதியைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ்'ஸுக்கு இடமில்லை. தேதியைத் தூக்கிவிடுங்கள், "எ நியூ பிரிட்ஜ் ஹேஸ் பீன் ஓப்பன்டு" என்பது ஜோராக நிற்கும். செய்தித்தாளில் வருகிற 'திறக்கப்பட்டுள்ளது' பெரும்பாலும் இந்த 'ஹேஸ் பீன்'தான்.

'-ப்பட்டிருந்தது' வந்தால் 'ஹேட் பீன்'. நாங்கள் கரைக்குப் போய்ச் சேருமுன் மீன் விற்கப்பட்டிருந்தது: "தி கேட்ச் ஹேட் பீன் சோல்டு பிஃபோர் வி ரீச்ட் தி ஷோர்." பழைய காரியம் இரண்டு இருந்து, அதில் எது முந்தியது என்று காட்ட வேண்டியிருந்தால் மட்டும் இதை எடுங்கள். ஒரே காரியத்துக்கு 'ஹேட் பீன்' போடுவது வீண் செலவு.

### '-ப்படவில்லை'

இதைத்தான் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டேன். 'கட்டப்படவில்லை' என்ற தமிழ்ச் சொல்லில் காலமே தெரியாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ரயில் பாதை போனது. அந்தப் பாதை மறுபடி கட்டப்படவில்லை. இதை இங்கிலீஷில் எழுது என்றால் ஒருத்தி "வாஸ் நாட் ரீபில்ட்" என்கிறாள், ஒருத்தன் "இஸ் நாட் ரீபில்ட்" என்கிறான், இருவருக்கும் சண்டை.

'இன்னும்' என்ற சொல்லைச் செருகிப் பாருங்கள். பொருந்தினால் "ஹேஸ் நாட் பீன் ரீபில்ட்." 'அப்போது' அல்லது ஒரு வருடம் பொருந்தினால் "வாஸ் நாட் ரீபில்ட்." தனுஷ்கோடிப் பாதைக்கு 'இன்னும்' பொருந்துகிறது. 1964-ஐப் பற்றி மட்டும் பேசுகிற பத்தியாக இருந்தால் 'வாஸ்'ஸும் சரிதான். 'இஸ் நாட்' மட்டும் இரண்டுக்கும் ஒத்துவராது.

### '-ப்பட்டிருக்கும்'

ஜூன் 14-க்குள் படகுக்குப் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கும்: "தி போட் வில் ஹேவ் பீன் பெயின்டட் பை 14 ஜூன்." ஆனால் நம் 'இருக்கும்' சந்தேகத்துக்கும் வரும். 'வலை ராத்திரியே அறுக்கப்பட்டிருக்கும்' என்று சொன்னால் அது வருங்காலமே இல்லை, ஊகம். "தி நெட் மஸ்ட் ஹேவ் பீன் கட் அட் நைட்." பேசுகிறவர் ஊகிக்கிறாரா, கெடு சொல்கிறாரா என்று பாருங்கள்.

### எதை எழுதினாலும் நாக்கு சுளுக்குகிறது

"ஹேஸ் பீன் பீயிங் ரிப்பேர்டு" மாதிரி வந்துவிட்டதா? நிறுத்துங்கள். பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் ('ஹேஸ் பீன் ரிப்பேரிங்' மாதிரி) மூன்றுக்கும், ஃபியூச்சர் கன்டினியூவஸுக்கும் ('வில் பி ரிப்பேரிங்') பள்ளிப் புத்தகத்தில் பாஸிவ் கிடையாது. வாக்கியத்தை ஆக்டிவாகவே விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: இலக்கணப்படி சரி போலிருக்கிறது, படித்தவர் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்

இந்தப் பழுது எனக்கே நேர்ந்தது. வாடைக் காற்று நாளில், நங்கூரத்தில் கிடந்த பக்கத்து வீட்டு அண்ணனின் வள்ளம் தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. இன்சூரன்ஸுக்கு இங்கிலீஷில் கடிதம் வேண்டும் என்றார். "மை போட் வாஸ் சங்க்" என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: யார் மூழ்கடித்தது, போலீஸில் புகார் கொடுத்தீர்களா? "என்ன தம்பி, நான் யாரையும் சொல்லலையே" என்று அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

மூழ்கியது என்றால் "சேங்க்". மூழ்கடிக்கப்பட்டது என்றால் "வாஸ் சங்க்". நான் எழுதியது இரண்டாவது. படித்தவர் கேள்வி கேட்டதில் தப்பில்லை.

இதற்குத் தமிழே நல்ல கருவி வைத்திருக்கிறது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். உடைந்தது, உடைத்தது. கிழிந்தது, கிழித்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. திரும்பியது, திருப்பியது. எழுத உட்காரும் முன் உங்கள் மனதில் இருப்பது எந்தச் சொல் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கவிழ்ந்தது' என்றால் ஆக்டிவ்: "தி போட் ஓவர்டர்ன்டு." 'கவிழ்க்கப்பட்டது' என்று தமிழில் சொல்ல மனம் வந்தால் மட்டும் "வாஸ் ஓவர்டர்ன்டு." இங்கிலீஷ் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டு 'வாஸ்' ஒன்றால் பிரிக்கிறது. நமக்கோ வினையே மாறிவிடுகிறது, அதனால் தப்பு செய்யக் காரணமே இல்லை. ஒரே விலக்கு: வலை கிழிந்து கிடந்த நிலையைச் சொல்ல "தி நெட் வாஸ் டோர்ன்" என்பார்கள். அதில் கிழித்தவர் யார் என்ற கேள்வி வராது.

### 'வாஸ் ஹேப்பன்டு', 'வாஸ் அரைவ்டு', 'வாஸ் டைடு'

இவை அந்த வியாதியின் முற்றிய நிலை. சோதனை ஒரே கேள்வி: எதை, யாரை? நடந்தது என்றால் எதை நடந்தது? வந்தது என்றால் எதை வந்தது? கேள்வி அந்தரத்தில் தொங்கினால் அது செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குப் பாஸிவ் கிடையாது. "தி ஆக்சிடென்ட் ஹேப்பன்டு." "தி டிரெயின் அரைவ்டு." 'வாஸ்'ஸை அடித்தால் வேலை முடிந்தது.

'பிறந்தார்' மட்டும் இந்தச் சோதனையை ஏமாற்றும். தமிழில் யாரைப் பிறந்தார் என்று கேட்க முடியாது, ஆனால் இங்கிலீஷில் அது பாஸிவ், ஏனென்றால் தாய் பெறுகிறாள். நான் கலாமை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். "கலாம் வாஸ் பார்ன் இன் ராமேஸ்வரம் இன் 1931. ஹி டைடு இன் ஷில்லாங் இன் 2015. ஹி வாஸ் பரீட் அட் பேக்கரும்பு." மூன்று வாக்கியம். பிறப்பும் அடக்கமும் மற்றவர்கள் செய்தது, அதனால் பாஸிவ். நடுவில் உள்ளது அவரே செய்தது. பேக்கரும்பு வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு பெண் இதை முணுமுணுத்துக்கொண்டே போவாளாம்.

'எதை' என்ற கேள்விக்குப் பதில் இருந்தும் பாஸிவுக்கு மசியாத வினைகள் சில உண்டு. ஹேவ், காஸ்ட், ஃபிட், ரிசெம்பிள், லேக். "எ போட் இஸ் ஹேட் பை மை அங்கிள்" என்று யாரும் சொல்வதில்லை. மாமாவிடம் படகு இருந்தால் "ஓன்டு" போடுங்கள்.

## அறிகுறி: 'பை' இடத்தில் உறுத்தல்

முதலில் 'பை ஐ', 'பை ஹி' இருக்கிறதா என்று பாருங்கள். 'பை மி', 'பை ஹிம்', 'பை ஹெர்', 'பை தெம்' என்று மாற வேண்டும். அடுத்து, 'பை' தேவையா? "பை சம்ஒன்", "பை பீப்பிள்" எல்லாம் சும்மா சுமை. செய்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தாலும், யாருக்கும் தெரியாவிட்டாலும் வெட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் உறுத்தினால், சொல்லே 'பை' இல்லாமல் இருக்கலாம். கூடை மீனால் நிறைந்திருக்கிறது என்றால் "ஃபில்டு வித்." எல்லோருக்கும் தெரிந்தவர் என்றால் "நோன் டு." ஆச்சரியப்பட்டால் "சர்ப்ரைஸ்டு அட்." தமிழின் 'ஆல்' உருபு எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் நாம் எல்லாவற்றுக்கும் 'பை' போடுகிறோம். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஓலைப்பெட்டியைப் பார்த்தால் ஓலை தெரிகிறது, அதனால் "மேட் ஆஃப் பாம் லீவ்ஸ்." கருப்பட்டியைப் பார்த்தால் பதநீர் தெரியாது, உருமாறிவிட்டது, அதனால் "மேட் ஃப்ரம் பதநீர்."

'பை' கண்ணில் பட்டால் எல்லாமே பாஸிவ் என்றும் நினைக்காதீர்கள். "ஹி வென்ட் பை பஸ்" வெறும் பஸ் பயணம்.

## அறிகுறி: கேள்வியாக மாற்றினால் கலைந்துவிடுகிறது

"டிட் தி போட் வாஸ் ரிப்பேர்டு?" பாஸிவ் கேள்வியில் 'டூ', 'டஸ்', 'டிட்' வரவே வராது. அவற்றைக் கண்டால் அடித்துவிட்டு, பி வெர்பையோ 'ஹேஸ்', 'வில்' போன்ற முதல் துணைவினையையோ முன்னால் இழுங்கள். "வாஸ் தி போட் ரிப்பேர்டு?" "ஹேஸ் தி போட் பீன் ரிப்பேர்டு?" 'ஹூ' என்று ஆரம்பிக்கும் கேள்வி 'பை ஹூம்' ஆகும்: "பை ஹூம் வாஸ் தி நெட் கட்?" முதலில் சாதாரண வாக்கியமாக மாற்றிவிட்டு, அப்புறம் கேள்வியாக்கினால் குழப்பம் வராது.

## அறிகுறி: ஆக்டிவில் ஆளே இல்லை

கட்டளை வாக்கியம். "குளோஸ் தி டோர்" என்பதற்குத் தேர்வுத் தாளில் எதிர்பார்ப்பது "லெட் தி டோர் பி குளோஸ்டு." தேர்வுக்கு வெளியே யாராவது அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, ஆனாலும் மார்க் அதற்குத்தான். 'ப்ளீஸ்' இருந்தால் "யு ஆர் ரிக்வெஸ்டட் டு" என்று ஆரம்பியுங்கள். நிஜத்தில் பயன்படுவது அறிவிப்புப் பலகை இங்கிலீஷ். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் இருக்கின்றன; அங்கே ஒரு பலகை வைக்க நீங்கள் எழுதினால் "கோரல்ஸ் மஸ்ட் நாட் பி டச்டு." இப்படித்தான் இருக்கும்.

## அறிகுறி: வாக்கியத்தின் வால் கழன்றுவிட்டது

"தே லாஃப்டு அட் ஹிம்" என்பது "ஹி வாஸ் லாஃப்டு பை தெம்" என்று வந்திருக்கும். 'அட்' எங்கே? வினையோடு கூட வந்த குட்டிச் சொல்லை விட்டுவிட்டுப் போகக் கூடாது. "ஹி வாஸ் லாஃப்டு அட் பை தெம்." 'அட் பை' சேர்ந்து வருவது காதுக்கு விநோதம்தான், பழகிக்கொள்ளுங்கள். 'லுக் ஆஃப்டர்', 'டேக் கேர் ஆஃப்' எல்லாம் இதே ஜாதி.

'மேட் மி கேரி' என்பது பாஸிவில் "ஐ வாஸ் மேட் டு கேரி" ஆகும். ஆக்டிவில் ஒளிந்திருந்த 'டு' வெளியே வந்துவிடும். 'கேவ் மி எ ஃபிஷ்' என்று இரண்டு செயப்படுபொருள் இருந்தால் "ஐ வாஸ் கிவன் எ ஃபிஷ்", "எ ஃபிஷ் வாஸ் கிவன் டு மி" இரண்டும் சரி. ஒன்றை எழுதிவிட்டு நகருங்கள்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

மேலே உள்ளதெல்லாம் பார்த்தும் பிள்ளை தடுமாறினால், பாஸிவை மூடிவிட்டு ஆக்டிவ் வாக்கியத்தைப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். அதிலேயே திணறினால் பழுது பாஸிவில் இல்லை, டென்ஸில். வீட்டில் உட்கார்ந்து தீர்க்கிற காரியம் இல்லை அது. பள்ளி ஆசிரியரிடமோ டியூஷனிலோ முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு மாதமாவது ஆகும்.

இரண்டு கைடில் இரண்டு விடை இருந்தால் நீங்களே நீதிபதி ஆகாதீர்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.

புகார் மனு, இன்சூரன்ஸ், கோர்ட் என்று பாஸிவ் காகிதத்தில் ஏறும் இடத்தில் நான் இப்போதெல்லாம் எழுதுவதே இல்லை. "தி நெட் வாஸ் கட்" என்று இலக்கணம் சுத்தமாக எழுதிவிடலாம். அதில் அறுத்தவர் காணாமல் போய்விடுகிறார். அவரைச் சொல்வதா வேண்டாமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். அந்த அண்ணன் இரண்டாவது கடிதத்துக்கு வந்தபோது நடந்ததைத் தமிழில் அவர் வாயால் சொல்லச் சொல்லி அப்படியே எழுதினேன்: 'ராத்திரி காற்றில் தண்ணீர் ஏறி என் வள்ளம் மூழ்கிவிட்டது.' அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் எழுதிய முதல் வரி, "மை போட் சேங்க்."